துப்பறியும் கதையை யார் சொல்வது? நான்கு வழிகளும் ஒரு விளக்கும்

கொலை செய்தது யார் என்று முடிவாகிவிட்டது. காரணமும் இருக்கிறது. கடைசியில் எப்படி மாட்டிக்கொள்கிறார் என்பதைக்கூட நோட்டில் எழுதியாயிற்று. ஆனால் இரண்டாம் அத்தியாயத்தைத் தாண்ட முடியவில்லை. முதல் துப்பறியும் கதையை எழுத உட்காரும் பலர் என்னிடம் சொல்லும் புலம்பல் இது. பக்கங்களை வாங்கிப் பார்த்தால் சிக்கல் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இருக்கும். கதையை யார் வாயால் சொல்வது என்று தீர்மானிக்காமலே தொடங்கியிருப்பார்கள். முதல் பக்கத்தில் துப்பறிபவரின் மனசுக்குள் இருப்போம். மூன்றாம் பக்கத்தில் அதே ஆள் தான் கண்டுபிடித்ததை நம்மிடமே மறைப்பார். வாசகருக்கு எரிச்சல் வரும், ஏன் என்று சொல்லத் தெரியாது.

மற்ற கதைகளில் இதை நடையைப் பற்றிய கேள்வி என்று விட்டுவிடலாம். துப்பறியும் கதையில் இது நாணயத்தைப் பற்றிய கேள்வி. சொல்பவர் யார் என்பதை வைத்துத்தான் எதை மறைக்க உங்களுக்கு உரிமை உண்டு என்பது முடிவாகிறது.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் பார்க்க வேண்டியது: துப்பை வாசகரின் கண்ணெதிரே வைத்தும், அவர் கவனிக்காமல் கடந்துபோகும்படி செய்ய இந்த வழி இடம் கொடுக்கிறதா? இங்கிலாந்தில் பாதிரியாராகவும் துப்பறியும் கதை எழுத்தாளராகவும் இருந்த ரொனால்ட் நாக்ஸ் 1929இல் பத்து விதிகள் எழுதினார். அவற்றில் சில இன்று படிக்கவே கூசும். ஆனால் எட்டாவது விதி அப்படியே நிற்கிறது. துப்பறிபவர் கண்ணில் படும் தடயம் அப்போதே வாசகருக்கும் காட்டப்பட வேண்டும் என்பது அது.

அடுத்தது, கதை எங்கெல்லாம் போக முடியும் என்பது. சொல்பவர் இல்லாத அறைக்குள் நுழைய முடியுமா? அப்புறம் வாசகரின் மனசு யார் பக்கம் சாயும், இந்த வழியில் ஒரு கதை மட்டும்தான் எழுத முடியுமா, பத்துக் கதை எழுத முடியுமா என்பதையும் பார்க்க வேண்டும்.

இவற்றோடு தமிழில் எழுதுபவருக்கு மட்டும் கூடுதலாக ஒரு கணக்கு உண்டு. நம் வினைமுற்று ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். இருட்டில் ஒருவர் கதவைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘திறந்தான்’ என்றால் பாதிப் பேர் சந்தேகப் பட்டியலிலிருந்து போய்விட்டார்கள். ‘திறந்தாள்’ என்றால் மீதிப் பாதி. நம் மாதநாவல்களில் எப்போதும் ‘அந்த உருவம்’ கதவைத் திறந்துகொண்டு ‘வந்தது’ இதனால்தான். ‘கொலைகாரன்’ என்று எழுதக்கூட யோசித்து, ‘கொலையாளி’ என்று மாற்றுகிறோம். ‘வந்தார்’ என்று போட்டுத் தப்பிக்கலாம். ஆனால் ஊரில் எல்லாரையும் அவன், அவள் என்று எழுதிவிட்டு இருட்டில் வருபவருக்கு மட்டும் மரியாதை கொடுத்தால் அதுவே ஒரு தடயமாகிவிடும். நம் மொழியில் ஆண், பெண், மரியாதை எதையும் காட்டிக்கொள்ளாத ஒரே இடம் ‘நான் வந்தேன்’. இதை மனசில் வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

ஒப்பிடுவதற்கு ஒரே காட்சியை எடுத்துக்கொள்கிறேன். ஒரு ரைஸ் மில் முதலாளி. முந்தின இரவே இறந்துவிட்டார் என்று டாக்டர் சொல்கிறார். மறுநாள் மதியம் போலீஸ் வந்துதான் பூட்டை உடைத்திருக்கிறது. பூஜை அறையில் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருக்கிறது, எண்ணெய் தளும்பத் தளும்ப. அப்படியென்றால் அவர் செத்த பிறகு யாரோ உள்ளே வந்து எண்ணெய் விட்டிருக்கிறார்கள். துப்பு அவ்வளவுதான்.

## 1. கூட இருப்பவர் சொல்வது

1841இல் எட்கர் ஆலன் போ, தூபன் என்ற துப்பறிபவரைப் படைத்தபோது பெயரில்லாத ஒரு நண்பரைக் கதை சொல்ல வைத்தார். 1887இல் ஆர்தர் கானன் டாயில் அந்த நண்பருக்கு ஒரு பெயர், ஒரு தொழில், போரில் பட்ட காயம் எல்லாம் கொடுத்து ஷெர்லக் ஹோம்ஸின் டாக்டர் வாட்சன் ஆக்கினார். வங்காளத்தில் பியோம்கேஷுக்கு அஜித், ஃபெலுதாவுக்கு தோப்ஷே என்று அந்த வரிசை நீண்டது.

இந்த வழியின் பலம் என்ன? கூட இருப்பவர் எல்லாவற்றையும் பார்க்கிறார், சரியாகவே சொல்கிறார், அர்த்தத்தை மட்டும் தப்பாகப் புரிந்துகொள்கிறார். நம் காட்சியை ஒரு ஸ்டேஷன் ரைட்டர், அதாவது போலீஸ் ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்ப்பவர், சொல்வதாக வைத்துக்கொள்வோம்:

“பூஜை அறையில் விளக்கு எண்ணெய் தளும்ப எரிந்துகொண்டிருந்தது. இத்தனை களேபரத்திலும் அந்தச் சுடர் அசையாமல் நின்றதைப் பார்த்ததும் கை தானாகக் கூப்பிக்கொண்டது. ஐயா என்னைத் திரும்பிப் பார்த்தார். செருப்போடு நிற்பதைச் சொல்கிறார் என்று நினைத்து வெளியே வந்துவிட்டேன்.”

தளும்பும் எண்ணெய் அங்கேயே இருக்கிறது. ஒரு சொல்கூட மறைக்கப்படவில்லை. ஆனால் வாசகரும் ரைட்டரோடு சேர்ந்து கும்பிட்டுவிட்டு, செருப்பை நினைத்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறார். துப்பை ஒளித்துவைக்க உணர்ச்சியைப் போல நல்ல இடம் வேறு இல்லை. உணர்ச்சிவசப்படக்கூடிய சாதாரண மனிதர் ஒருவர் கதைசொல்லியாக இருப்பது இதற்குத்தான். நாக்ஸின் ஒன்பதாவது விதியும் இவரைப் பற்றியதே. மனசில் ஓடுவது எதையும் இவர் மறைக்கக் கூடாது, வாசகரைவிட இவர் புத்தி கொஞ்சமே கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும். ‘கொஞ்சமே கொஞ்சம்’ என்பதுதான் கஷ்டம். முட்டாளாக எழுதிவிட்டால், இவ்வளவு கெட்டிக்கார மனிதர் இந்த ஆளோடு ஏன் சுற்றுகிறார் என்று வாசகர் கேட்பார்.

தமிழ் இங்கே ஓர் உதவியும் செய்கிறது. ரைட்டர் ‘நாங்கள் மில்லுக்குப் போனோம்’ என்றால் ஐயாவும் அவரும் மட்டும். ‘இப்போது நம் கையில் இருப்பது மூன்று சாவி’ என்றால் வாசகரும் ஜீப்பில் ஏறிவிட்டார். வாசகரை எப்போது உள்ளே சேர்ப்பது, எப்போது வெளியே நிறுத்துவது என்பதை ஒரே சொல்லில் செய்யலாம்.

மறைவாக இருக்கும் செலவுகளைப் பார்ப்போம். இவர் எல்லாக் காட்சியிலும் இருந்தாக வேண்டும். இல்லாத இடத்தில் நடந்ததை யாராவது வந்து இவரிடம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் இவர் ஒட்டுக்கேட்க வேண்டும். இருபது அத்தியாயத்துக்கு அப்படி ஒட்டுக்கேட்க முடியாது. அகதா கிறிஸ்டி 1936இல் வந்த ‘தி ஏ.பி.சி. மர்டர்ஸ்’ நாவலில் இந்தச் சுவரில் முட்டிக்கொண்டு, நடுநடுவே சில அத்தியாயங்களைப் படர்க்கையில் எழுதி, இவை துப்பறிபவர் புவாரோவின் நண்பரும் கதைசொல்லியுமான கேப்டன் ஹேஸ்டிங்ஸ் நேரில் கண்டு சொல்வதல்ல என்று வெளிப்படையாகவே குறித்துவிட்டார். நேர்மையான வழி அது.

தொடராக எழுதும்போது இன்னொரு செலவு வரும்: எழுதுபவருக்கே இவர் அலுத்துப்போவார். ஹேஸ்டிங்ஸ் அலுத்துவிட்டதை கிறிஸ்டி தன் சுயசரிதையில் ஒளிக்காமல் சொல்கிறார். 1923இலேயே அவருக்குக் கல்யாணம் செய்து அர்ஜென்டினாவுக்கு அனுப்ப வழி பண்ணினார். புவாரோ வரும் 33 நாவல்களில் ஹேஸ்டிங்ஸ் வருவது எட்டில்தான். பியோம்கேஷைப் படைத்த சரதிந்து பந்தோபாத்யாயும் பிற்காலக் கதைகளில் அஜித்தைக் கதை சொல்ல வைக்காமல் படர்க்கைக்கு மாறிவிட்டார்.

புதிரே உங்கள் கதையின் உயிர் என்றால், அதிலும் முதல் கதை என்றால், என் ஓட்டு இதற்குத்தான். ஒரு நிபந்தனை உண்டு. கூட இருப்பவருக்கு அந்த இடத்தில் இருக்க வேலை சம்பந்தமான காரணம் வேண்டும். வெறும் ‘நண்பர்’ நம் ஊர் ஸ்டேஷனுக்குள் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்க மாட்டார். ரைட்டர், கார் டிரைவர், வக்கீலின் ஜூனியர், பிரேதப் பரிசோதனைக் கூடத்து உதவியாளர் என்று யோசியுங்கள். வாக்குமூலத்தை எழுதுவதே தொழிலாக இருப்பதால் எனக்கு ரைட்டர்தான் ரொம்பப் பிடிக்கும்.

## 2. துப்பறிபவரே சொல்வது

ரேமண்ட் சாண்ட்லரின் பிலிப் மார்லோ 1939இல் ‘தி பிக் ஸ்லீப்’ நாவலில் ‘நான்’ என்று பேசத் தொடங்கியபோது இந்த வழிக்கு ஒரு குரல் கிடைத்தது. களைப்பும் கோபமும் கொஞ்சம் வறட்டு நேர்மையும் கலந்த குரல். அந்தக் குரலுக்காகவே படிப்பவர்கள் உண்டு. கதையில் வரும் டிரைவர் கொலை செய்யப்பட்டாரா, தற்கொலையா என்று படம் எடுத்தவர்கள் தந்தி அடித்துக் கேட்டபோது, தனக்கும் தெரியவில்லை என்று சாண்ட்லரே பின்னாளில் எழுதியிருக்கிறார். புதிரில் அப்படியொரு ஓட்டை இருந்தும் நாவல் நிற்கிறது. தாங்கி நிறுத்துவது குரல்.

ஆனால் நம் விளக்கை இவரிடம் கொடுத்துப் பாருங்கள். இவருக்கு எண்ணெயின் அர்த்தம் உடனே புரிந்தால் கதை இரண்டாம் அத்தியாயத்தில் முடிந்துவிடும். புரிந்தும் நம்மிடம் சொல்லாவிட்டால் அது ஏமாற்று. மீதி இருப்பது ஒரே வழி. அவர் பார்த்திருக்கிறார், அப்போது உறைக்கவில்லை. “விளக்கில் எண்ணெய் தளும்பியது. அம்மா போன பிறகு எங்கள் வீட்டில் விளக்கு ஏற்றுவதே இல்லை என்ற நினைப்பு வந்தது, அதோடு நகர்ந்துவிட்டேன்.” இப்படி எழுதலாம். ஆனால் அப்போது உங்கள் துப்பறிபவர் தவறக்கூடியவர், தூக்கமில்லாதவர், அடிபடுபவர். மேதை இல்லை. அந்த மாற்றத்துக்குத் தயார் என்றால் மட்டும் இந்தப் பக்கம் வாருங்கள்.

இதற்குச் சாட்சியே ஷெர்லக் ஹோம்ஸ்தான். 1926இல் வந்த இரண்டு சிறுகதைகளை கானன் டாயில் ஹோம்ஸின் வாயாலேயே சொல்ல வைத்தார். அதில் ஒன்றில் ஹோம்ஸ், இத்தனை நாள் வாட்சனைக் குறை சொன்ன தானே இப்போது வாசகரின் சுவாரசியத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறார். சங்கிலியின் சில கண்ணிகளை மறைத்து வைத்துத்தான் வாட்சனால் அந்த முடிவுகளைக் கொடுக்க முடிந்தது என்றும் சொல்கிறார். வாட்சனின் வேலை எவ்வளவு பெரியது என்பதை ஹோம்ஸே சொல்லும் இடம் அது. நாங்கள் கதை பேசும்போதெல்லாம் நான் திரும்பத் திரும்பப் படித்துக் காட்டும் பக்கமும் அதுதான்.

வேறொரு எச்சரிக்கையும் இருக்கிறது. குற்ற நாவல்கள் எழுதிய பட்ரீசியா ஹைஸ்மித், தன்மையில், அதாவது ‘நான்’ என்று எழுதுவதுதான் மிகக் கடினம் என்று சொன்னவர். இரண்டு நாவல்களை அப்படித் தொடங்கி, நகராமல் கைவிட்டதாக எழுதியிருக்கிறார். ‘நான்’ என்று தொடங்குவது சுலபம் போலத் தெரியும். ஐம்பதாவது பக்கத்தில் அந்த ‘நான்’ எல்லாவற்றுக்கும் கருத்துச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

ஊர், ஊழல், மனிதர்கள் ஆகியவைதான் உங்கள் கதை, யார் கொன்றார் என்பது அவற்றை இழுத்துப்போகும் கயிறு மட்டுமே என்றால் இது சரியான தேர்வு. தமிழில் இந்த ‘நான்’ எந்த ஊர்ப் பேச்சில் பேசுகிறது என்பதை முதல் வரிக்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். பாதி எழுத்து நடை, பாதி நெல்லைப் பேச்சு என்று ஓடினால் குரல் நிற்காது.

## 3. படர்க்கையில் சொல்வது

நம் மரபு பெரும்பாலும் இதுதான். தமிழ்வாணனின் சங்கர்லால், தேவனின் சாம்பு, சுஜாதாவின் கணேஷும் வசந்தும், ராஜேஷ்குமாரின் விவேக் எல்லாரையும் நாம் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் பார்த்திருக்கிறோம். ஆனால் ‘படர்க்கை’ என்று ஒரே பெயரில் சொல்வது குறைந்தது இரண்டு வேறு வழிகளை.

ஒன்று, துப்பறிபவரின் தோளுக்குப் பின்னால் நின்று, அவர் மனசுக்குள்ளும் எட்டிப் பார்ப்பது. இங்கே இரண்டாம் வழியின் அதே ஆபத்து இருக்கிறது. ‘அவருக்கு ஏதோ பளிச்சிட்டது’ என்று எழுதிவிட்டு என்ன பளிச்சிட்டது என்று சொல்லாமல் அத்தியாயத்தை முடிப்பது. நாம் எல்லாரும் செய்திருக்கிறோம். ஒரு நாவலில் ஒரு தடவை வாசகர் மன்னிப்பார்.

இன்னொன்று, மனசுக்குள் போகவே போகாமல் கண்ணும் காதும் மட்டும் வைத்துச் சொல்வது. டாஷியல் ஹாமட் 1930இல் ‘தி மால்டீஸ் ஃபால்கன்’ முழுவதையும் அப்படித்தான் எழுதினார். துப்பறியும் சாம் ஸ்பேட் என்ன நினைக்கிறார் என்று ஓரிடத்திலும் சொல்வதில்லை. கூட்டாளி சுடப்பட்டு இறந்த செய்தி நடுராத்திரி போனில் வருகிறது. ஸ்பேட் படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்து சிகரெட் சுருட்டுகிறார். தாளை எப்படி வளைத்தார், புகையிலையை எப்படிப் பரப்பினார், விரல்கள் எப்படி உருட்டின என்று அந்த ஒரு சிகரெட்டுக்கு ஹாமட் அவ்வளவு வார்த்தை செலவழிக்கிறார். துக்கமா, கணக்குப் போடுகிறாரா, ஒன்றுமே தோன்றவில்லையா? கடைசி அத்தியாயம் வரை அந்தக் கேள்வி நம்மை விடாது. மனசுக்குள் போவதில்லை என்று முதல் பக்கத்திலேயே வாக்குக் கொடுத்துவிட்டதால் இங்கே மறைப்பது ஏமாற்று ஆகாது.

நம் காட்சி இதில் எப்படி இருக்கும்? “இன்ஸ்பெக்டர் பூஜை அறை வாசலில் குனிந்தார். விளக்கு தளும்ப எரிந்துகொண்டிருந்தது. நிமிர்ந்தார். ‘வீட்டுச் சாவி யார் யார்கிட்ட இருக்கு?’ என்றார்.” விளக்கும் சாவியும் பக்கத்துப் பக்கத்து வரியில் இருக்கின்றன. இணைப்பது வாசகர் பாடு. ரைட்டர் சொன்னதைவிட இங்கே துப்பு கொஞ்சம் துருத்திக்கொண்டுதான் தெரிகிறது. உணர்ச்சி என்ற திரை இல்லையே.

இன்ஸ்பெக்டர் வாயைத் திறக்காமலே இருந்தால் கதை எப்படி நகரும்? சுஜாதாவிடம் இதற்கு அழகான விடை இருக்கிறது. ஆரம்பத்தில் கணேஷ் தனியாகத்தான் வந்தார். அப்புறம் வசந்த் சேர்ந்தார். வசந்த் கதை சொல்வதில்லை. “பாஸ், ஒரு சந்தேகம்” என்று கேட்கிறார், தப்பாக ஊகிக்கிறார், இடையில் அரட்டை அடிக்கிறார். வாட்சனின் வேலை முழுவதையும் உரையாடலிலேயே முடித்துவிடுகிறார். கதைசொல்லியாக இல்லாததால் அவர் எல்லா இடத்திலும் இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. தமிழில் தொடர் பாத்திரங்களை வைத்து எழுத நினைப்பவர்கள் இந்த ஏற்பாட்டை ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

படர்க்கையின் பெரிய வசதி, எங்கும் போகலாம் என்பது. ராஜேஷ்குமார் நாவல்களில் இரண்டு தடங்கள் சம்பந்தமே இல்லாமல் மாறி மாறி ஓடிக் கடைசியில் முட்டிக்கொள்வதை மற்ற வழிகளில் எழுதிப் பாருங்கள், மூச்சு வாங்கும்.

செலவு, முன்பு சொன்ன வினைமுற்றும் மரியாதையும்தான். இன்ஸ்பெக்டர் ‘அவர்’, டாக்டர் ‘அவர்’, முதலாளியின் தம்பி மட்டும் முதல் பக்கத்திலிருந்து ‘அவன்’ என்றால் வாசகர் அங்கேயே பென்சிலால் ஒரு கோடு போட்டுவிடுவார். அதே தம்பியைக் கதை முழுக்க ‘அவர்’ என்று எழுதிவிட்டு, மாட்டிக்கொண்ட பக்கத்தில் ‘அவன்’ என்று இறக்குவதும் நடக்கிறது. அந்த மரியாதையைப் பறித்தது யார், எழுதியவரா? சொல்பவர் ஒரு பாத்திரமாக இருந்தால் அந்தக் கோபம் அவருடையது என்று ஏற்கலாம். படர்க்கையில் அது எழுதுபவரின் தீர்ப்பாகவே கேட்கிறது. யாருக்கு அவர், யாருக்கு அவன் என்று ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு, கடைசிப் பக்கம் வரை மாறாமல் போவது நல்லது.

## 4. கொலை செய்தவர் பக்கமிருந்து சொல்வது

யார் என்ற கேள்வியை முதலிலேயே விட்டுவிடுகிறீர்கள். மாட்டுவாரா, எப்படி மாட்டுவார் என்பதே மிச்சம். ஆஸ்டின் ஃப்ரீமன் 1912இலேயே குற்றத்தை முதலில் காட்டிவிட்டு விசாரணையைப் பிறகு காட்டும் கதைகளை எழுதிப் பார்த்தார். 1931இல் பிரான்சிஸ் ஐல்ஸ் என்ற புனைபெயரில் வந்த ஒரு நாவல், மனைவியைக் கொல்ல ஒரு டாக்டர் முடிவு செய்துவிட்டதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடும். அப்புறம் 1955இல், கொலை செய்தும் பிடிபடாத ஹைஸ்மித்தின் ரிப்ளி. அந்த நாவலின் தொடக்கம் நடையில் ரொம்பத் தளர்வாக வந்துவிட்டது என்று ஹைஸ்மித் அந்தப் பக்கங்களைத் தூக்கிப் போட்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து மறுபடி எழுதினாராம். ரிப்ளியும் எப்போதும் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கும் ஆள்தானே. எழுதுபவரின் உடம்பு பாத்திரத்தின் உடம்போடு பொருந்த வேண்டும் என்பதை இதைவிட நேராக யாரும் சொல்லி நான் படித்ததில்லை.

நம் விளக்கு இங்கேதான் முழுதாக எரிகிறது:

“நாற்பது வருஷமாக இந்த வீட்டில் மதியம் எண்ணெய் விடுவது என் கைதான். அன்றைக்கும் விட்டேன். அவர் பக்கத்து அறையில் கிடந்தார். திரி தணிவதைப் பார்த்துக்கொண்டு சும்மா போக முடியவில்லை.”

மற்ற மூன்று வழியிலும் எண்ணெய் வெறும் தடயம். இங்கே அது ஒரு வாழ்க்கை. இதைச் சொன்னது ஆணா பெண்ணா என்று திரும்பிப் பாருங்கள், தெரியாது. சமையல்காரரா, விதவைத் தங்கையா, மில் கணக்குப்பிள்ளையா? தன்மையில் தமிழ் கொடுக்கும் சலுகை இது. கொலை செய்தவரின் குரலில் ஒரு அத்தியாயம் எழுதிவிட்டு, ஆள் யார் என்பதைத் தொடர்ந்து மறைக்க முடியும்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டோமே, இனி என்ன இருக்கிறது என்று பயப்பட வேண்டாம். ‘பாபநாசம்’ படத்தில் கொலை நடந்ததை நாம் பார்த்துவிட்டோம், செய்தது யார் என்றும் தெரியும். ஆனாலும் ஒரே ஒரு விஷயம் கடைசி நிமிடம் வரை நம்மிடமிருந்து தள்ளிவைக்கப்படுகிறது. அந்த ஒன்று இல்லாமல் இந்த வழியில் இறங்காதீர்கள். அது இல்லையென்றால் கதை அறுபதாம் பக்கத்தில் படுத்துவிடும்.

பெரிய செலவு, தொடர் எழுத முடியாது என்பது. ஹைஸ்மித் ரிப்ளியை ஐந்து நாவல் வரை கொண்டுபோனார் என்றால் ரிப்ளி பிடிபடுவதில்லை. உங்கள் கொலையாளி பிடிபட வேண்டியவர் என்றால் ஒரு கதையோடு சரி. இன்னொன்றையும் யோசியுங்கள். செத்தவருக்கு இந்த வழியில் குரலே இருக்காது. அவருக்காக வாசகர் வருந்த வேண்டும் என்று நினைத்தால் கொலைக்கு முன்பே அவருக்கு நல்ல பக்கங்கள் கொடுத்துவிட வேண்டும்.

## பலர் சேர்ந்து சொல்வது பற்றி

வில்கி காலின்ஸ் 1868இல் ‘தி மூன்ஸ்டோன்’ நாவலை இப்படி எழுதினார். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் முற்றுகையில் கொள்ளைபோன வைரம், அதைப் பற்றி வீட்டுக் காரியஸ்தர் முதல் குடும்ப வக்கீல் வரை ஆளுக்கொரு வாக்குமூலம். வட்டார வழக்குகள் இவ்வளவு இருக்கும் தமிழுக்கு ஏற்ற வழி, ஆசையாகவும் இருக்கும். ஆனால் ஐந்து பேரும் உண்மையிலேயே ஐந்து விதமாகப் பேச வேண்டும். முதல் நாவலில் வேண்டாம். கடைசியில் ஒரே ஒரு வாக்குமூலமாகச் சேர்த்துக்கொள்ளலாம்: ரைட்டர் கதையைச் சொல்லி வந்து, இறுதி அத்தியாயத்தில் எண்ணெய் விட்டவர் பேசுவதை அப்படியே எழுதிக்கொள்கிறார். மில் கதையை நான் எழுதினால் அப்படித்தான் எழுதுவேன்.

## இன்னும் முடிவு வரவில்லை என்றால்

தடயம் முதலில் கண்ணில் படும் காட்சியை மட்டும் எடுத்து, மனசு இழுக்கும் இரண்டு வழிகளில் ஒரு பக்கம் ஒரு பக்கமாக எழுதுங்கள். கையால் எழுதினாலும் சரி, போனில் தட்டினாலும் சரி. கதை தெரியாத இரண்டு பேரிடம் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டு, மறுநாள் அந்த அறையில் என்னென்ன இருந்தது என்று மட்டும் கேளுங்கள். எடுத்த எடுப்பில் ‘விளக்கு’ என்றால் நீங்கள் அதை மறைக்கவே இல்லை. விளக்கைச் சொல்லி, எண்ணெயைச் சொல்லிக் காட்டிய பிறகும் ‘அப்படி ஒன்றும் இல்லையே’ என்றால் அளவுக்கு மேல் புதைத்துவிட்டீர்கள். கையிலிருக்கும் தாளைத் திருப்பி, விரலை அந்த வரியில் வைத்து, “அட ஆமா, இங்கேயே இருக்கே” என்று யார் சொல்கிறாரோ, அவர் படித்த பக்கத்தை எடுத்துக்கொண்டு இரண்டாம் அத்தியாயத்துக்குப் போங்கள்.